உன் பெயரில் போன பதில்

தர்ஷினிக்கு, மாத்தளையிலிருந்து அப்பா எழுதுவது.

உன் கேள்வி வந்து இன்றைக்குப் பதினெட்டு நாள். "அப்பா, அந்த ரிமூவ் பண்ணின மெசேஜில என்னா இருந்திச்சுனு மொதல்ல சொல்லுங்க. அதுக்குப் பொறகு உங்கள சேக்கிறதப் பத்திப் பாப்போம்." அவ்வளவுதான். சுகமா, சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா, ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற அப்பனிடம் இப்படியா கேட்பது என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னிடம் இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? அன்றைக்கு அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்கக் கடைக்கு வந்த ஒரு மனிதரிடம், இயந்திரம் பழுது, நாளைக்கு வாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். இயந்திரத்துக்கு ஒரு பழுதும் இல்லை. கோபம் இறங்கிய பிறகுதான் புரிந்தது, நீ புதிதாக எதையும் கேட்கவில்லை, இத்தனை வருடமாகக் கேட்டதையே திரும்பவும் கேட்கிறாய் என்று.

இதை ஃபோனில் அனுப்பாமல் கொப்பித் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். தபால் உறையை வழியில் யாராவது திறந்தால் கிழிசல் தெரியும். நான் திறந்த எதிலும் கிழிசல் தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு காலம் திறந்துகொண்டே இருந்தேன். படித்து முடித்த பிறகு, நீங்கள் நடத்தும் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போடு. எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே இருக்கும் பெண்களில் பாதிப் பேரையாவது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் இது தெரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்தே எழுதுகிறேன். அப்பா வளவளக்கிறார் என்று தள்ளி வைத்துவிடாதே.

நீ ஒரு தளம் நடத்துகிறாய் என்பதே எனக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராணி என்று ஒருத்தி, கட்டாரில் வேலை, லீவில் வந்திருந்தாள். ஃபோனுக்குக் காசு ரீலோட் போட வந்தவள் அந்த ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டி, "அண்ணே, இது ஒங்க மக நடத்துறது தானே?" என்று கேட்டாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, தலையை ஆட்டி வைத்தேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "இதுல நாங்க யாரப் பாக்கணும்னு சொல்றமோ அவங்க போடுறது மட்டுந்தான் வருதுண்ணே. போட்ட வரிசையிலயே வருது. மத்ததுல எம் மவன் பொறந்தநாள் போட்டோவ மூணு நாள் கழிச்சித் தான் காட்டிச்சி. அதுக்கு முந்தி ஒரு நூறு வெளம்பரம், ஊருப்பட்ட சண்ட. இது ஒரே கம்பெனி கையில இல்லியாம். எடத்துக்கு எடம் ஆளுங்க சின்னச் சின்னதா நடத்துவாங்களாம், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் பேசிக்கலாமாம். புடிக்கலைனா மூட்ட முடிச்சக் கட்டிக்கிட்டு வேற எடத்துக்குப் போயிறலாம்னு ஒங்க மக எழுதியிருக்கு." பிறகு அவளே சிரித்தாள். "பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்காதீங்க, கொமியுனிகேஷன் கடைக்காரங்களுக்கும் குடுக்காதீங்கனு முன்னுக்கே போட்டிருக்கு. ஏண்ணே, அப்பாவும் மகளும் சண்டையா?" கடையில் நின்ற மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அவள் போன பிறகு நானும் அந்தத் தளத்தைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் போட்டேன். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ படிவம் நிரப்பிக் கொடுத்தவன், அந்த ஒரு பெட்டிக்கு எழுத வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், மகளைப் பார்க்க என்று எழுதி அனுப்பினேன். அதற்குத்தான் உன் பதில் கேள்வியாக வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் இந்தக் கொமியுனிகேஷன் கடையைத் திறந்த காலத்தில், ஒரு ஃபோன் கோல் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு எல்லோர் கையிலும் ஃபோன் வந்தது. அப்புறம் அந்த ஃபோனை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் என்னிடமே வந்தார்கள். வெளிநாடு போகிற பெண்கள்தான் அதிகம். நாளைக்குப் பிளைட், இன்றைக்குப் புது ஃபோனோடு வந்து, "அண்ணே, புள்ளைங்களப் பாக்கிற மாதிரி அக்கவுண்ட் ஒண்ணு போட்டுத் தாங்க" என்பார்கள். நான் போட்டுக் கொடுப்பேன். கடையில் இருக்கும் சிம் ஒன்றின் நம்பரைக் கொடுத்துத் திறப்பேன், பாஸ்வேர்டையும் நானே யோசித்து வைப்பேன். அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று ஒரு நீல மட்டைக் கொப்பியில் பெயர், ஊர், பாஸ்வேர்ட் எல்லாம் எழுதி வைப்பேன். குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் கோல் வரும். "அண்ணே, எம் பாஸ்வேர்ட் என்னாண்ணே?" கொப்பியைப் பார்த்துச் சொல்வேன். எனக்கு அதில் ஒரு பெருமை. இந்த டவுனில் என்னை நம்புகிற மாதிரி வேறு யாரை நம்புகிறார்கள் என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொள்வேன். "ஆமா, ஊரு சாவியெல்லாம் ஒங்ககிட்ட. வீட்டுச் சாவிய மட்டும் தெனமும் தொலைச்சிட்டு வாங்க" என்பாள் அவள்.

அந்தக் கொப்பியைக் கொண்டு நான் முதல் தடவை அடுத்தவர் கணக்கைத் திறந்தது எனக்காக அல்ல. ஒருத்தியின் புருஷன் வந்தான். நாவுலைப் பக்கம், விவசாயம். "மொதலாளி, எம் பொஞ்சாதி யாரு கூடவோ பேசுறாளாம்னு ஊருல கதைக்கிறாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கண் கலங்கி நின்றான். பார்த்தேன். ஒன்றும் இல்லை. அக்காவோடும் பிள்ளைகளோடும் மட்டும்தான் பேசியிருந்தாள். சந்தோஷமாகப் போ, உன் மனைவி தங்கம் என்று சொல்லி அனுப்பினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாலைவனத்தில் பாத்திரம் கழுவுகிற அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் நல்ல காரணம் ஒன்று இருந்தது.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நீ அடம் பிடித்து ஒரு கணக்குக் கேட்டாய். வயதைக் கூட்டிப் போட்டு நான்தான் திறந்து தந்தேன். ஒரு நிபந்தனை, பாஸ்வேர்ட் கொப்பியில் இருக்க வேண்டும். "ஏம்ப்பா, நானும் ஒங்க கஸ்டமரா?" என்று நீ சிரித்தாய். சம்மதித்தாய். சம்மதிக்காமல் என்ன செய்வாய், வேறு வழி நான் வைக்கவில்லையே. அந்தச் சம்மதத்தை நான் பல வருடம் எனக்குள் சொல்லிச் சொல்லிச் சமாதானப்பட்டிருக்கிறேன்.

அம்மா குவைத்துக்குப் போனது ஏன் என்று உனக்குத் தெரியும். ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது, பிறகு சாமான் விலை ஏறிய ஏற்றத்தில் திறந்தும் பிரயோசனம் இல்லாமல் போனது. நான் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. போவதற்கு முதல் நாள் அவளுக்கும் கடையில் வைத்துத்தான் கணக்குத் திறந்தேன். நீ பக்கத்து நாற்காலியில் இருந்தாய், அவள் உனக்கு அனுப்பிப் பழகினாள். ஒரு எழுத்தைத் தேட ஒரு நிமிடம் எடுப்பாள். 'மகள் சாப்பிட்டீங்களா' என்பதுதான் அவள் அனுப்பிய முதல் செய்தி. கையெட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு! நீ, இல்லை, பசிக்குது என்று திருப்பி அனுப்பினாய். அவள் உண்மையாகவே எழுந்து போய் உனக்கு ரோல்ஸ் வாங்கி வந்தாள். அவளுடைய பாஸ்வேர்டையும் நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கெம்பஸ் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது உன் ஃபோனை வாங்கிக் கடை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அது ஒன்றும் பெரிய பாவம் இல்லை, இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு லீவு, என் ஃபோனில் மூன்று பேரும் பேசுவோம், அது போதும் என்றேன். நீயும் சரி என்றாய். பாவம் அதற்குப் பிறகு நடந்தது. மறுநாளே கடை கொம்பியூட்டரில் உன் கணக்கைத் திறந்தேன். பிள்ளை வேறு எங்காவது போய்ப் பார்க்கிறாளா என்று அறியத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் சிநேகிதிகள் சிலரை மறைத்தேன். ஒரு பையன் பரீட்சைக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தான், அவனைத் தடுத்தேன். கொஞ்ச நாளில் காலையில் சாமிக்குப் பூ வைத்ததும் உன் கணக்கைத் திறப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பெரிய கம்பெனிக்காரர்கள் நமக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நம்மைக் கேட்காமலே முடிவு செய்கிறார்கள் என்று உங்கள் தளத்தில் நீ எழுதியிருப்பதைப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அவர்களுக்கு உன்னைத் தெரியாது. எனக்கு உன்னைத் தெரியும், தெரிந்துகொண்டே அதே வேலையைச் செய்தேன்.

அம்மா தனக்கு முடியவில்லை என்று முதலில் என்னிடம்தான் சொன்னாள். மார்கழி மாதம். நெஞ்சு அடைக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மேடம் டொக்டரிடம் கூட்டிப் போக மாட்டேன் என்கிறாள், நான் வந்துவிடுகிறேன் என்றாள். "ரெண்டு மாசம் பொறுத்துக்க. இந்த நேரத்துல நீ வந்து நின்னா புள்ள படிப்பாளா?" என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டு, எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதினாள். நீ சொன்னால் நான் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதியிருப்பாள். 'மகள் அம்மாவுக்கு ஏலாது. நெஞ்சு வலி. கோயில் தேருக்கு முந்தி வீட்டுக்கு வரணும். நீங்க அப்பாகிட்ட பேசுங்க.' அடுத்த நாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள், 'மகள் பாத்திட்டு ஏன் பேசல' என்று இன்னொன்று.

இந்த மூன்றும் உனக்குத் தெரியும். பிறகு அம்மாவின் ஃபோனில் நீ படித்தாய். அவற்றுக்குக் கீழே உன் படம் சின்ன வட்டமாக விழுந்திருந்ததையும் பார்த்தாய், நீ படித்துவிட்டாய் என்பதற்கு அடையாளமாக. நான் கடையில் உட்கார்ந்து திறந்த ஒவ்வொரு தடவையும் அங்கே, அவள் கையில், உன் முகம்தான் போய் விழுந்திருக்கிறது. கொமியுனிகேஷன் கடை நடத்தியவன், பத்து வருடம் ஊருக்குப் பாடம் எடுத்தவன், இது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் அதை நான் நினைக்கவில்லை. எனக்கு மனதில் இருந்ததெல்லாம் கோபம். என்னைத் தாண்டிப் பிள்ளையிடம் போகிறாளா, அதுவும் பரீட்சை நேரத்தில் என்கிற கோபம். அந்தக் கோபத்தில்தான் உன் பெயரில் அவளுக்குப் பதில் எழுதினேன். அதற்கு அவள், 'சரி மகள். அம்மா இருந்துக்கிறேன். நல்லா படிங்க' என்று அனுப்பினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேசும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் பேசினோம். "ஏம்மா ஒரு மாதிரிப் பேசுறீங்க?" என்று நீ கேட்டாய். "ஒண்ணுமில்ல மகள், வேல கொஞ்சம் கூட. நீங்க படிங்க, அம்மா தொந்தரவு பண்ணல்ல" என்றாள். தொந்தரவு என்று ஏன் சொன்னாள் என்று ஃபோனை வைத்த பிறகு நீ என்னைக் கேட்டாய். அவளுக்கு அலுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் தேத்தண்ணீர் போடப் போனேன். அதுதான் நீயும் அவளும் கடைசியாகப் பேசியது. ஐந்தாம் நாள் ஏஜென்சியிலிருந்து கோல் வந்தது.

உடம்பு வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இருபத்திரண்டு நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊரெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுடைய சாமான்களோடு ஃபோனும் வருமே என்று யோசித்தேன். கடைக்குப் போனேன், கதவைப் பாதி சாத்திக்கொண்டு உன் கணக்கைத் திறந்தேன், நான் எழுதிய பதிலை எல்லோருக்கும் நீக்கு என்று அழுத்தினேன். பிறகு உன் பக்கத்தில் இருந்த அத்தனையையும் அழித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீக்கினால், இன்னார் ஒரு செய்தியை நீக்கினார் என்று அவள் பக்கத்தில் ஒரு வரி நிற்கும் என்பதை மறந்துபோனேன்.

ஃபோன் வந்ததும் அம்மா வைத்திருந்த நான்கு இலக்கத்தை நீ முதல் தடவையிலேயே சரியாகப் போட்டாய், உன் பிறந்த நாள்தானே. மறுநாள் கடைக்கு வந்து, ஆட்கள் நிற்க நிற்க, அதைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாய். "அப்பா, இதெல்லாம் யாரு பாத்தது? நான் பாக்கல. எம் போன் ஒங்க லாச்சியில இருந்திச்சு." அழுதுகொண்டு கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேனோ என்னவோ. நீ அழவில்லை. நான் உன் முகத்தைப் பார்க்காமல், "அது அதுவாப் போடும் மகள். நெட்வேர்க் கோளாறு. இந்தக் கம்பெனிக்காரனுங்களுக்கு வேற வேல இல்ல" என்றேன். செய்த குற்றத்தைத் தூக்கி எங்கோ இருக்கிற கம்பெனியின் தலையில் போட்டேன். நீ அதை நம்பினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருடப் பரீட்சையில் இரண்டு பேப்பர் மட்டும்தான் எழுதினாய். எந்தப் பரீட்சைக்காக இத்தனையும் செய்தேனோ, அந்தப் பரீட்சை.

அடுத்த வருடம் எழுதிப் பாஸாகி, கொம்பியூட்டர் படிக்கக் கெம்பஸ் போனாய். இரண்டாம் வருட லீவில் வந்தபோது சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாய். "அப்பா, அது அதுவாப் போடாது. யாராவது தொறந்தாத் தான் போடும். நான் படிச்சிட்டேன்." அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டேன், திறந்து பார்த்தது நான்தான் என்று. அந்த நீக்கிய செய்தியைப் பற்றிக் கேட்டாய். ஞாபகம் இல்லை என்றேன். "அம்மா சரின்னு சொல்லியிருக்காங்க அப்பா. எதுக்குச் சரின்னு சொன்னாங்கனு எனக்குத் தெரியணும்" என்றாய். ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்று கத்தினேன். அடுத்த பஸ்ஸில் நீ போனாய். அதற்குப் பிறகு கொழும்பில் வேலை கிடைத்ததையும் மெசேஜில்தான் சொன்னாய். ஒருநாளும் வீட்டுக்கு வரவில்லை.

ராணி வந்து போன பிறகு அந்த நீலக் கொப்பியை எடுத்துவைத்து, அதில் இருக்கிற ஒவ்வொருத்திக்கும் பேசிப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தவர்கள் மாற்றிவிட்டார்கள். சிலருடைய நம்பர் மாறிப்போயிற்று, இரண்டு பேர் உயிரோடு இல்லை. பக்கத்துக் கடை ரசீன் நானா, மிளகு கராம்பு யாவாரம், நான் நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "பூட்ட மாத்தச் சொல்றது நல்லம் தான். உள்ளுக்குப் போனது நீங்கதான்னு சொன்னீங்களா?" என்றார். நான் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக என்று மட்டும்தான் எல்லோரிடமும் சொன்னேன். நானா எழுந்து தொழப் போனார். மனிதர் அதற்குப் பிறகு என்னோடு முன்னைப்போலப் பேசுவதில்லை, அது நியாயம்தான். அதனால்தான் சொன்னேன், இதை எல்லோரும் பார்க்கப் போட வேண்டுமானால் போடு என்று.

உங்கள் தளத்தின் முன்பக்கத்தைப் பல தடவை படித்துவிட்டேன். இதை நடத்துவது நாங்கள் நான்கு பேர், தனிச் செய்திகளை நாங்கள் நினைத்தால் பார்க்க முடியும், பார்க்க மாட்டோம், ஆனாலும் மிக அந்தரங்கமான இரகசியத்தை இங்கே எழுதாதீர்கள் என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறீர்கள். பார்க்க முடியும் என்கிற வார்த்தையை நான் என் கடையில் ஒருநாளும் எழுதி ஒட்டியதில்லை. அதைப் படித்தபோது உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பெரிய கம்பெனி வேண்டாம் என்று சின்னதாக நடத்துகிறீர்கள். நானும் சின்னக் கடைதான் மகளே. முகம் தெரிந்த மனிதன் என்று நம்பித்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். வேலி என்று நம்பினார்கள், வேலியே மேய்ந்தது. கெட்ட எண்ணத்தோடு நான் ஒரு செய்தியையும் திறக்கவில்லை, எல்லாமே அக்கறையில்தான் திறந்தேன். உன்னிடமும் ஒருநாள் ஒருத்தி வந்து, என் தங்கச்சி உயிரை மாய்த்துக்கொள்வாள் போல இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்துச் சொல் என்று காலில் விழுவாள். அப்போது உன் கை தானாகப் போகும். போக விடாதே. அந்தத் தங்கச்சியிடமே பேசு, அவளைக் கேள். மற்ற மூன்று பேருக்கும் தெரியாமல் நீ தனியாக எதையும் திறக்க முடியாதபடி இப்போதே ஏதாவது வழி செய்து வை. உன்னை நம்பாமல் சொல்லவில்லை. நீ என் மகள், என் அக்கறை உனக்கும் இருக்கும், அதுதான் பயம்.

என் விண்ணப்பத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அதை நிராகரித்துவிடு. மகளைப் பார்க்க என்று எழுதினேனே, அந்த வேலையை நான் அளவுக்கு மேல் பார்த்துவிட்டேன். நீ என்ன எழுதுகிறாய், யாரோடு சிரிக்கிறாய், எதற்கு வருத்தப்படுகிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். தெரியாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. கண்ணும் முன்னைப் போல இல்லை, தை பிறந்ததும் கடையை மூடிவிடலாம் என்று யோசிக்கிறேன். எப்போதாவது நீயாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் வேண்டாம்.

இவ்வளவு எழுதியும் நீ கேட்டதை இன்னும் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக இந்த இடத்துக்கு வந்து வந்து பேனாவை மூடி வைக்கிறேன். ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். ஒரு எழுத்து மறக்கவில்லை. நீ எழுதுகிற மாதிரியே எழுத வேண்டும் என்று உன் பழைய செய்திகளையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டு எழுதியது அது. இதுதான்:

'அம்மா இப்ப வராதீங்க. நீங்க வந்தா என் படிப்பு கெட்டுப் போகும். எல்லாரோட அம்மாவும் தான் அங்க கஷ்டப்படுறாங்க, நீங்க மட்டும் ஏன் இப்பிடி? எக்ஸாம் முடியிற வரைக்கும் எனக்கு மெசேஜ் போடாதீங்க. எனக்குத் தொந்தரவா இருக்கு.'

இதற்குத்தான் அம்மா சரி மகள் என்றாள். இதை நீ சொன்னதாக நம்பித்தான் அவள் போனாள். நீ சொல்லவில்லை தர்ஷினி. நான் சொன்னேன்.